கீழே நல்லாயிருக்கு

தூத்துக்குடி வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் தம்பிகள் பேசி முடித்த பிறகு, பரணை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான்தான் ஓய்வு பெற்றவன், எனக்குத்தான் நேரம் இருக்கிறதாம். சரி என்று மூன்று நாள் போய்த் தங்கினேன். பித்தளை அண்டா, கால் ஒடிந்த ஈசிச்சேர், எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது என்றே தெரியாத பெட்ரோமாக்ஸ் விளக்கு, இவற்றுக்கெல்லாம் பின்னால் சுவரை ஒட்டினாற்போல மாமாவின் டிரங்குப் பெட்டி. உப்புக்காற்றில் துருப்பிடித்த பூட்டு, தொட்டதுமே கொண்டியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே பழைய சீருடையும் கப்பல் காகிதங்களும் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தவை இசைத்தட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 41.

இவை எப்போதோ யார் கைக்கோ போய்விட்டன என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு அட்டைகளைக் கரையான் தின்றிருந்தது. கரையானுக்கு அட்டை பிடிக்கும், தட்டு செய்கிற வினைல் பிளாஸ்டிக் பிடிக்காது. இரண்டு தட்டுகள் பரண் சூட்டில் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. மற்றவற்றின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் சென்னைக்குக் கொண்டுவந்தேன். எதிர் பெர்த்துக்காரர் நகைப்பெட்டி என்று நினைத்திருப்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பதினேழு வயதில் கொழும்புக்குப் போகும் தோணியில் ஏறியவர். பாய் விரித்து, காற்றை நம்பிப் போகிற தோணி. அப்புறம் 1968-இல் சரக்குக் கப்பலில் ஆயில்மேன் வேலை கிடைத்தது. எந்திர அறையில் எண்ணெய் போடுவதும் துடைப்பதும் சூடு பார்ப்பதும்தான் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரையில் இருக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பார், ஆச்சியும் எங்களோடுதான் இருந்தாள். மற்ற கப்பல்காரர்கள் நைலக்ஸ் சேலையும் சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்து விற்பார்கள். மாமாவும் கொண்டுவருவார். ஆனால் பெட்டியின் அடியில், துணிகளுக்கு நடுவே, நாலைந்து இசைத்தட்டுகள் இருக்கும். அவற்றை விற்க மாட்டார்.

அந்தத் தட்டுகளின் பின்அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் குறிப்பு எழுதிவைப்பது அவர் பழக்கம். ஊர்ப் பெயர், மாதம், வருடம். ஹாம்பர்க், ரோட்டர்டாம், சிங்கப்பூர். சிலவற்றில் மட்டும் அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ‘கீழே நல்லாயிருக்கு.’

அதற்கு நாங்கள் கொண்ட அர்த்தம், தட்டின் கீழ்ப் பக்கம், அதாவது பி பக்கம் நன்றாக இருக்கிறது என்பது. நான், சித்தி மகன், எதிர்வீட்டுப் பையன் மூன்று பேரும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அந்தக் குறிப்பு உள்ள தட்டு எதுவானாலும் நேரே திருப்பிப் போடுவோம். உலகமே முதல் பக்கத்தைக் கேட்டு ஆடிக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியில் மூன்று பையன்கள் பின்பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

இதில் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பி பக்கங்களுக்கு ஒரு ராசி இருந்தது. குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’ 1978-இல் வெளியானபோது பின்பக்கப் பாட்டுதான். கிளப்புகளில் தட்டு போடுகிறவர்கள் திருப்பிப் போட்டுப் பார்த்து, பிடித்துப்போய், அதையே ஓட்டி மேலே கொண்டுவந்தார்கள். 1974-இன் ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ இன்னொன்று. கார்ல் டக்ளஸ் பாடியது. தயாரித்தவர் பெங்களூரிலிருந்து லண்டன் போன பிட்டு அப்பையா. வேறொரு பாட்டுக்காக எடுத்த ஸ்டுடியோ நேரத்தில் கடைசியாக மிச்சமிருந்த சில நிமிடங்களில், பின்பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று பதிவு செய்தது அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், மாமா தீர்க்கதரிசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்போம்.

எங்களிடம் இருந்தது எச்.எம்.வி. பெட்டி பிளேயர். அதன் சொந்த ஸ்பீக்கர் மாமாவுக்குப் போதவில்லை. சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ஒருவரிடம் சொல்லி, 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட மரப்பெட்டி ஒன்றும் அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் செய்து வாங்கினார். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற ஆள் செய்த பெட்டி, வீட்டுக் கூடத்துக்குள் அடங்குமா? பாட்டு போட்டால் அலமாரிக் கண்ணாடி அதிரும். சாயங்காலம் குளித்துவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு மாமா அதன் பக்கத்தில் தரையில் உட்காருவார். ஆட மாட்டார், பாட மாட்டார். வலது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி இருக்கும்.

“ஏல, இங்க வா. கைய வை.”

“என்ன மாமா?”

“வைல. தெரியுதா?”

ஏதோ தெரிகிறது என்று சொல்லிவிட்டு ஆடப் போய்விடுவேன். பதினைந்து வயதில் யாராவது உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டியைத் தடவிக்கொண்டிருப்பார்களா?

சோல், ஃபங்க், டிஸ்கோ என்கிற பிரிவுகளும் எங்களுக்குத் தெரியாது. வீட்டில் எல்லாமே ‘இங்கிலீஷ் பாட்டு’. எங்களுக்கு அடையாளம் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள்தான். சொடக்குப் போடும் விரல்கள் இருந்தால் ஸ்டாக்ஸ் கம்பெனி. பாலைவனமும் ஒட்டகமும் இருந்தால் காசாபிளாங்கா, அதில் டோனா சம்மர் பாடுவார். பாலைவனம் வந்துவிட்டால் அம்மா கூடத்துக் கதவைச் சாத்திவிடுவாள். அந்த அம்மாளின் 1975-ஆம் வருடத்துப் பாட்டு ஒன்று ஒரு பக்கம் முழுக்க, கிட்டத்தட்ட 17 நிமிடம் ஓடும். அதில் வருகிற பெருமூச்சும் முனகலும் அக்கம்பக்கத்துக்குக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்பது அம்மாவின் கவலை.

ஆச்சிக்கு இந்தக் கவலை இல்லை, அவளுக்கு எல்லாமே ஒரே இரைச்சல்தான். ஒரே ஒரு நாள் தவிர. மாமா ஹாம்பர்க்கிலிருந்து போனி எம் குழுவின் தட்டு கொண்டுவந்த வருடம், 1978. ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். “பாபிலோன்னா சொல்லுதான்?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்புறம் என்ன சொல்லுதான்?” ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம், சீயோனை நினைத்து அழுதோம் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

“ஏல, இது சங்கீதம்லா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கீதம்தானே ஆச்சி, பாட்டு என்றால் சங்கீதம்தானே. அவள் என் மண்டையில் குட்டி, பைபிளை எடுத்துவரச் சொன்னாள். 137-ஆம் சங்கீதம். அடிமைகளாகப் பிடித்துப்போகப்பட்டவர்கள், பிடித்துப்போனவர்கள் எங்களுக்காகப் பாடு என்று கேட்கிறார்கள், அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் என்று அழுகிறார்கள். பாட்டும் கிட்டத்தட்ட அதேதான். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் பாடிய பாட்டு இது. கப்பல்களில் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் அந்தச் சங்கீதத்தைத் தங்கள் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் அதை டிஸ்கோவாக்கினார். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். அது கடைசியில் எங்கள் கூடத்தில் ஆச்சியின் ஜெபமாலையில் வந்து முட்டி நின்றது. அன்றிலிருந்து அந்தத் தட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் அனுமதி உண்டு. அதே தட்டின் மற்ற பாட்டுகளை நாங்கள் அந்தச் சலுகையிலேயே ஓட்டிக்கொண்டோம்.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலை கழுவுவது. டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர்தான். அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மெல்லிய துணியால் வரித்தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முறை. காய வைக்கப் பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. ஒரு வாரம் தட்டுகளுக்கு நடுவே இடம் தேடித்தான் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கவிழ்க்கப்பட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அடுத்து பிளேயர். ஆசைப்பட்டு ஆன்லைனில் சூட்கேஸ் மாதிரி ஒன்று வாங்கினேன், பார்க்க அழகு. சிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ போட்டேன். நான்காவது வரியில் ஊசி துள்ளிப் பக்கத்துத் தடத்துக்குப் போனது. திரும்ப வைத்தேன், திரும்பத் துள்ளியது. தட்டில் கீறல் ஒன்றுமில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, எங்கள் பழைய பிளேயரிலும் இதே பாட்டு இதே மாதிரிதான் துள்ளும்.

வினைலில் சத்தம் என்பது வரித்தடத்தின் நெளிவுதான். உச்சஸ்தாயிக்குச் சின்னச் சின்ன நடுக்கம், அடிநாதத்துக்குப் பெரிய வளைவு. அடிநாதம் வாசிக்கிற பேஸ் கிடாரின் கனத்த கம்பி நொடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது, ஆனால் தடத்தை அகலமாக வளைக்கிறது. உள்ளபடி வெட்டினால் இடம் போதாது, ஊசியும் நிற்காது. அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டி, பாடும்போது ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் ஆட்டப் பாட்டுக்கு அது பற்றவில்லை. 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டப் போனபோது 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டதாம். இருந்த பெரிய தட்டில் அதே ஒரு பாட்டை இடம்விட்டு அகலமாக வெட்டிப் பார்த்தார்கள். சத்தம் எங்கேயோ போய்விட்டது. அப்படிப் பிறந்ததுதான் 12 அங்குல சிங்கிள் என்று அவர் சொல்லியிருக்கிறார். கைக்கு வராத ஒன்றுக்குப் பதிலாகக் கைக்கு வந்ததை வைத்துச் சமைத்த கதை. எனக்கு இந்த மாதிரிக் கதைகள் பிடிக்கும்.

மாமா இந்தத் துள்ளலுக்குக் கண்ட வைத்தியம், ஊசியைத் தாங்குகிற கை, அதாவது டோன்ஆர்ம், அதன் தலையில் ஒரு நாலணா. ஸ்டிக்கிங் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவைத்திருந்தார். ஊசி துள்ளாது, தடத்தை உழுதுகொண்டு போகும். அதன் விலையை இப்போது கேட்கிறேன், சில தட்டுகளில் மழை பெய்கிற சத்தம். அழகு சூட்கேஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, நண்பர் ஒருவர் மூலம் கனமான பழைய டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். பெல்ட் மாற்றி, புது ஊசி போட்டு, தராசில் கிராம் கணக்கு வைத்து எடை சரிசெய்து, அதன்பிறகு துள்ளவில்லை.

துள்ளாமல் கேட்க ஆரம்பித்தபோது ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. எந்தக் குரலுக்காக அந்தக் காலத்தில் உயிரை விட்டேனோ அந்தக் குரல்கள் கொஞ்சம் பின்னால் போய் நின்றன. முன்னால் வந்து நின்றது பேஸ் கிடார். அதுவும் மோடவுன் கம்பெனித் தட்டுகளில். பாட்டு ஒரு பக்கம் போகிறது, இவன் அடியில் வேறொரு பாட்டு பாடிக்கொண்டு போகிறான். நாதஸ்வரம் ஒரு வழி போக, தவில்காரர் சிரித்துக்கொண்டே தன் கணக்கை ஓட்டுவாரே, அப்படி. யார் இவன் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாடகர் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது, தயாரிப்பாளர் பெயர் இருக்கிறது. வாசித்தவர் பெயர் இல்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்டில் 1959-இல் பெரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனி மோடவுன். ஸ்டுடியோ என்பது ஒரு சாதாரண வீடு. அதன் பின்னறைக்கு வாசித்தவர்கள் வைத்த பெயர் பாம்புக்குழி, வயர்கள் அப்படித் தொங்கும். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் அந்தக் குழிக்குள் இரவும் பகலும் வாசித்தது. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, எல்லோருக்கும் பின்னால் அதே கூட்டம்தான். ஜேமர்சன் வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசிப்பார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பெயர். கம்பியை மாற்றவே மாட்டார், அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்கிற கட்சி.

மோடவுன் அட்டையில் முதன்முதலாக வாசித்தவர்கள் பெயர் அச்சானது 1971-இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில். ஜேமர்சனை அதில் ‘ஒப்பற்ற’ என்று அடைமொழி கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் தலைப்புப் பாட்டுக்கு அவரை ஏதோ ஒரு கிளப்பிலிருந்து பிடித்து வந்தார்களாம், உட்கார முடியாத அளவு குடி, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தாராம். அந்தத் தட்டு மாமாவின் பெட்டியில் இருந்தது. கரையான் பாதி அட்டையைத் தின்றிருந்தாலும் அந்தப் பெயர் தப்பியிருந்தது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார், ஆனால் அங்கே அவருக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. 1983 மார்ச்சில் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா பாசடீனாவில் பெரிய அரங்கில் நடந்தது, தொலைக்காட்சிக்கெல்லாம் படம் பிடித்தார்கள். ஜேமர்சன் வெளியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆகஸ்டில் இறந்துபோனார், வயது 47.

இதைப் படித்த அன்று வேறு தட்டு எதுவும் போடவில்லை.

ஆனால் ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எந்த அட்டையைப் பார்த்தாலும் அதில் இல்லாதவர்தான் தெரிகிறார். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’, 1970. தாளத்தின் கனம் முழுவதும் முதல் அடியில் விழ வேண்டும், நம் ஊரில் சமத்தில் வந்து இறங்குவது மாதிரி, என்பது பிரவுனின் சட்டம். அதைச் செய்து காட்டியவர் அவருடைய டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பாட்டுக்கு நடுவே எல்லோரும் நிறுத்த, அவர் மட்டும் தனியாக அடிக்கிற சில நொடிகள் வரும். பின்னால் ஹிப்ஹாப் வந்தபோது அந்தச் சில நொடியை வெட்டி ஒட்டி நூற்றுக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். நீங்களும் ஏதாவது ஒரு பாட்டில் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். அவருக்கு அதில் ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை, பாட்டு அவர் பெயரில் இல்லையே. அவர் வளர்ந்த சட்டனூகாவின் ரயில் ஓட்டத்திலும் தொழிற்சாலைச் சத்தத்திலும்தான் தாளம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்.

பீ ஜீஸின் ‘ஸ்டேயிங் அலைவ்’ கதை இன்னும் வேடிக்கை. 1977-இல் பிரான்சில் பதிவு நடக்கும்போது டிரம்மர் ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. ஏற்கெனவே பதிவான இன்னொரு பாட்டிலிருந்து அவர் அடித்த சில அடிகளை டேப்பில் வெட்டி, முனையும் முனையும் ஒட்டி வளையமாக்கி, அதைச் சுற்றவிட்டே பாட்டை முடித்தார்கள். அட்டையில் டிரம்ஸ் என்று போட்டு பெர்னார்ட் லூப் என்று இல்லாத ஆளுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். லூப் என்றால் வளையம். அந்த அற்புதமான டிரம்மர் எங்கே கிடைப்பார் என்று பலர் விசாரித்தார்களாம்.

போனி எம் இதற்கு நேர் எதிர். எங்கள் மூவருக்கும் அந்தக் குழுவின் பாபி ஃபாரல்தான் தெய்வம். அந்தச் சுருட்டை முடி, திறந்த மார்பு, கட்டைக் குரல். எதிர்வீட்டுப் பையன் கழுத்தைச் சுருக்கி அதே குரலில் பேசிக்கொண்டு திரிந்ததில் அவன் வீட்டில் தொண்டைக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். குரல் ஃபாரலுடையதே இல்லை. தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் ஸ்டுடியோவில் தானே பாடிவிட்டு, மேடைக்கு ஃபாரலை அனுப்பினார். அட்டையில் இருப்பவர் பாடவில்லை, பாடியவர் அட்டையில் இல்லை. கோபம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. நாங்கள் ஆடியது ஃபாரலின் ஆட்டத்தை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் இறந்தது 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஒரு நிகழ்ச்சிக்காகப் போன இடத்தில். ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே நகரம், அதே டிசம்பர் 30. அவர் வாழ்நாளெல்லாம் ஆடிய பாட்டு ரஸ்புடினைப் பற்றியது. இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இன்னொரு தேதியும் உண்டு, 1979 ஜூலை 12. சிகாகோவில் பேஸ்பால் மைதானம், டிஸ்கோவை வெறுத்தவர்கள் நடத்திய கூத்து. டிஸ்கோ தட்டு ஒன்று கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு அனுமதி. சேர்ந்த தட்டுகளைப் பெட்டியில் போட்டு மைதானத்தின் நடுவில் வெடிவைத்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து புல்தரையைப் பிய்த்து எறிந்ததில் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அங்கே அன்று வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பின்னாளில், டிஸ்கோவிலிருந்து பிறந்த ஹவுஸ் இசையில் பெயர் எடுத்தவர். கொண்டுவரப்பட்ட தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத, கறுப்பர்கள் பாடிய தட்டுகள் எத்தனையோ இருந்தன என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டிஸ்கோ செத்தது என்று அமெரிக்கா அறிவித்த அந்தக் கோடையில் நாங்கள் அப்போதுதான் ஆடக் கற்றுக்கொண்டிருந்தோம். சேதி தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை. நல்லதாகப் போயிற்று.

இப்படி இரண்டு மூன்று மாதம் ஓடியது. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது, குரல்கள் மங்கலாக இருந்தன. ஜால்ராத் தகடு போல டிரம்ஸில் ‘ட்ஸ்ஸ்’ என்று வருமே, அது எங்கே? ஃபிலடெல்ஃபியாப் பாட்டுகளின் உயிரே அதுதான். ஏர்ல் யங் என்ற டிரம்மர் அந்தத் தகட்டை அடித்த விதத்திலிருந்துதான் டிஸ்கோ தாளமே வந்தது என்பார்கள். நாலணா உழுத உழவில் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஊசி மாற்றினேன். வயர் மாற்றினேன். ஊசிக்குக் கொடுத்த காசை இங்கே எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

கடைசியில் மகள் ஒரு சந்தேகத்தில் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கூ கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முதலில் சரமாரியாக அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. எந்திரம் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் வரைபடத்தைக் காட்டினார். இடது பக்கம் கீழ்ஸ்தாயி, கோடு நேராகப் போகிறது. வலது பக்கம் போகப்போகக் கிணற்றுப் படி மாதிரி இறங்குகிறது. வயதானால் மேல்ஸ்தாயிதான் முதலில் போகுமாம். ச, ஸ, த போன்ற எழுத்துகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றனவாம். “சத்தம் கேட்கும் சார், வார்த்தை புரியாது” என்றார். “இரைச்சல் உள்ள இடத்தில் வேலை பார்த்தீர்களா?” வங்கி என்றேன். அப்படியென்றால் வயதுதான் என்றார். இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும், அது இளம் வயதிலேயே ஆரம்பித்துவிடும் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். “ஜெனரேட்டர் ரூம், ஆலை, கப்பல் எந்திர அறை, இந்த மாதிரி.”

ஆட்டோவில் வரும்போது நான் பேசவே இல்லை என்று மகள் சொன்னாள்.

மாமா எப்போதும் கத்தித்தான் பேசுவார். கடல்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். எந்திர அறையில் காதுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு முறை கேட்டதற்கு, எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்ட்டைக் கொஞ்சம் கிள்ளி அடைத்துக்கொள்வேன் என்றார். அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார், அப்பா கூப்பிட்டால் திரும்புவார். ஆண்பிள்ளைத் திமிர் என்று அம்மா பல நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். அப்பாவுடையது கட்டைக் குரல்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, ‘கீழே நல்லாயிருக்கு’ என்று எழுதிய அட்டைகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்தேன். பதினான்கு. மார்வின் கே இருந்தது. ‘குட் டைம்ஸ்’ இருந்தது, பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் தனியாக நடந்து வருமே, அது. ஓ’ஜேஸின் ‘ஃபார் தி லவ் ஆஃப் மனி’ உள்ள ஆல்பம் இருந்தது, அதன் முதல் பாதி நிமிடத்தை ஆன்டனி ஜாக்சனின் பேஸ் கிடாருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு 12 அங்குலத் தட்டு. வெள்ளை லேபிள், கிளப்புகளில் போடுவதற்காகக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற, விற்பனைக்கு அல்ல என்று முத்திரை குத்திய ரகம். ரோட்டர்டாம், 1979, கீழே நல்லாயிருக்கு. இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. ஒரே நீளம்.

அந்தத் தட்டின் கீழ்ப் பக்கம்தான் மேல் பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சித்தி மகனிடம் சத்தியம் செய்து சண்டை போட்டிருக்கிறேன் நான்.

மாமா பக்கத்தைச் சொல்லவே இல்லை. பாட்டின் அடியைச் சொல்லியிருக்கிறார். எது தனக்குக் கேட்கிறதோ அதை. பெரிய சரக்குக் கப்பலின் எந்திரம் நிமிடத்துக்கு 100, 120 சுற்றுதான் சுற்றும். டிஸ்கோ பாட்டுகளும் நிமிடத்துக்கு 110, 120 அடி. ஒன்பது மாதம் காலடியில் கேட்ட அதே நடை. காதை எடுத்துக்கொண்ட சத்தமும் அதுதான், மிச்சம் வைத்த சத்தமும் அதுதான். விட்டுத் தொலைக்க வேண்டிய நடையை ஏன் காசு கொடுத்து வாங்கி வந்து கரையிலும் கையால் தொட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவரிடம் கேட்கலாம் என்றால் அவர் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சித்தி மகனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அப்போ நாம ஏ பக்கத்தையெல்லாம் கேக்கவே இல்லையால?” என்றான். அவன் கவலை அவனுக்கு.

இப்போது ஏ பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாதிக்குமேல் புதிது. காதுக்குக் கருவி வாங்கியாயிற்று, தட்டு கேட்கும்போது கழற்றிவிடுவேன். அதன் வழியாகக் கேட்டால் மார்வின் கே பக்கத்துவீட்டு டிவியில் பாடுகிற மாதிரி இருக்கிறது.

நேற்று பெட்டியின் அடியில் கடைசியாகக் கிடந்ததை எடுத்தேன். சிங்கப்பூர், 1984. அதற்கு அடுத்த வருடம் மாமா கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கிவிட்டார், பிறகு தட்டு எதுவும் வாங்கவில்லை. மேலுறை பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் கிழிபட்டிருக்கிறது. உள்ளே தட்டு கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு விரல்ரேகை கூட இல்லை. பின்அட்டையில் ஊர், வருடம், அதற்குக் கீழே நடுங்கிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘கேக்கல.’

போட்டுப் பார்க்கவே இல்லை என்கிறாரா? போட்டுப் பார்த்தும் காதில் விழவில்லை என்கிறாரா? கிழித்த பிளாஸ்டிக் ஒன்றைச் சொல்கிறது, தேயாத தட்டு இன்னொன்றைச் சொல்கிறது. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அதுல என்ன எழுதியிருக்கார்?” என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

“கேக்கல” என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படி வரை வந்து, அதே கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பக் கேட்டாள்.